ஐப்பசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ்

சேர்வராயன் மலையில் ஐப்பசி பிறந்த பிறகு எதையும் வெயிலில் காயவைத்து எடுத்துவிடலாம் என்று நம்பியிருக்க முடியாது. தென்மேற்குப் பருவமழையின் கடைசித் தூறல் ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்ந்துவிடுகிறது. காலையில் மூடுபனி, பிற்பகலில் மழை, இரவெல்லாம் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீர் என்றே நாள்கள் நகர்கின்றன. ஜாடியிலுள்ள உப்பு கசிகிறது, அலமாரித் துணிகளில் பூஞ்சை வாடை ஏறுகிறது, பொரித்த அப்பளம் பந்திக்கு வருவதற்குள் நமுத்துப்போகிறது. இந்த ஈரத்தின் நடுவில்தான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலைகள் தொடங்குகின்றன. டிசம்பர் மாதத்துப் பண்டிகைக்கு அக்டோபரிலேயே என்ன அவசரம் என்று சேலத்து உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதிலை இந்த ஆண்டு முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் சேலம் அரிசிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அம்மா வீட்டில் ஒரு பொருளை ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டுமென்றால் அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சிப் பழைய வேட்டியில் வடகம் ஊற்றுவதும், மோர் மிளகாயைப் பகலில் வெயிலுக்கும் இரவில் மோருக்கும் மாற்றி மாற்றிப் போடுவதும், கொத்தவரங்காயையும் சுண்டைக்காயையும் வற்றலாக்குவதும் எங்கள் தெரு முழுக்க நடக்கும். மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த மாவட்டத்தில் அது இயல்புதான். ஏற்காட்டுக்கு மருமகளாக வந்த பிறகே, வெயிலின் துணை இல்லாமலும் ஒரு சமையலறை மாதக்கணக்கில் சேமித்துவைக்க முடியும் என்பதை என் அத்தையிடம் கற்றேன். அவர் நம்பியிருப்பவை நெருப்பு, உப்பு, புளிப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகிய ஐந்தும்தான். வெயில் ஒரு பொருளிலிருக்கும் நீரை வெளியே எடுத்துவிடுகிறது. உப்பும் சர்க்கரையும் அந்த நீரைப் பொருளுக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு, கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு அது கிடைக்காதபடி செய்கின்றன. புளிப்பு மிகுந்த இடத்தில் அவற்றில் பெரும்பாலானவை பெருகுவதில்லை, மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு ஐப்பசி மழை ஒரு தடையே அல்ல.

முன்கூட்டியே தொடங்குவதற்கு முதல் காரணம் மலைப்பாதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழை வலுத்தால் எங்கேனும் ஒரு மரம் சாய்வதும், ஓரத்து மண் சரிந்து பாதையில் விழுவதும் இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போனவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த பெருமழையில் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைபட்டது. அப்போது பண்டிகைக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களே இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் கைவசம் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். ஆகவே, தீபாவளிக் கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒரு நாள் கீழே இறங்கி, லீ பஜாரில் திராட்சை, பேரீச்சம்பழம், முந்திரி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றை வாங்கிவந்து, ஈரம் புகாத எவர்சில்வர் தூக்குகளில் அடைத்துவிடுவோம். மைதாவை மட்டும் அப்போது வாங்குவதில்லை. இந்தக் காற்றில் அது கட்டிபட்டு வண்டும் வைத்துவிடும் என்பதால், வேண்டும்போது ஏற்காட்டுக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறோம்.

வெல்லத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிப் பக்கம் போகிறவர்கள் பளீரென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்த வெளுப்பு பெரும்பாலும் சர்க்கரைக் கலப்பினாலோ வெளுக்கும் வேதிப்பொருளினாலோ வருவது. கரும்புச் சாற்றை மட்டும் காய்ச்சி எடுத்த வெல்லம் பழுப்பாகவும் சற்று மங்கலாகவும்தான் இருக்கும். தீபாவளிக்கு அதிரசம் செய்தாலும் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்தாலும் அந்தப் பழுப்பு வெல்லம் தரும் மணத்தை வேறு எதுவும் தராது. எங்கள் வீட்டில் அதிரச மாவைத் தீபாவளிக்காகவும் பிசைகிறோம். ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்து, பாகில் கிளறி வைத்த மாவு சில நாள்கள் புளிக்கப் புளிக்கத்தான் பதத்துக்கு வரும் என்பதால், அதற்கு இந்தக் குளிர் ஏற்றது. பக்கத்து வீட்டாருக்கு அவர்கள் பண்டிகையன்று நாங்கள் அதிரசம் கொடுப்பதும், எங்கள் பண்டிகையன்று அவர்கள் முறுக்கு கொண்டுவருவதும் நீண்ட நாள் வழக்கம்.

அன்றாடச் சமையலும் இந்த மாதங்களில் மாறிவிடுகிறது. கொள்ளை வேகவைத்து, அந்த நீரில் ரசம் வைத்து, பருப்பை மிளகும் பூண்டும் சேர்த்துக் கடைந்துகொள்கிறோம். தோட்டத்து வேலியில் படரும் சௌசௌ கூட்டாகவும் பொரியலாகவும் வாரத்தில் பாதி நாள்கள் வந்துவிடும். சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பயிரிடும் சாமை அரிசி கிடைக்கும்போது வாங்கிவைத்துக்கொள்கிறோம். அதைக் கொண்டுவந்து தரும் அக்கா ஒவ்வொரு முறையும், "கண்ணு, இதைக் குக்கர்ல போட்டுறாத, சட்டியில கொதிக்கவிட்டு வடிச்சு எடு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் அப்படி முடியாது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் வேகும் சூடு குறைவு. கீழே அரை மணி நேரத்தில் வேகும் பருப்பு இங்கே மூடியற்ற பாத்திரத்தில் வெகுநேரம் விறைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஐந்து டிகிரி வேறுபாடு ஆரஞ்சுப் பழப்பாகான மார்மலேடுக்கும் கேக்குக்கும் இன்னும் முக்கியமானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாள்களில் கல்லறைத் தோட்டத்தில் மழைக்கு வளர்ந்த புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்து, அன்று செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடிவிட்டு வந்த பிறகு, அத்தை சமையலறைப் பரணிலிருந்து பீங்கான் ஜாடிகளை இறக்கச் சொல்வார். அன்றிலிருந்துதான் சேமிப்பு வேலைகள் முறையாகத் தொடங்குகின்றன.

முதலில் பச்சை மிளகு. காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்களான சில்வர் ஓக் மீது ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளில் அப்போது சரங்கள் பச்சையாக, உள்ளே பருப்பு முற்றாமல் இருக்கும். அந்தப் பதத்தில் ஒரு சரத்தை நகத்தால் கிள்ளினால் பால் கசிய வேண்டும். கடினமாகிவிட்டால் ஊறுகாய்க்கு ஆகாது, தையில் பழுக்கத் தொடங்கிய பிறகு பறித்துக் கருமிளகாக்கத்தான் விட வேண்டும். சரங்களைக் காம்போடு சிறு துண்டுகளாக நறுக்கி, கழுவி, துணியில் ஒற்றி, அடுப்படிச் சூட்டில் ஈரம் போக ஆறவிட்டு, கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் மூழ்க ஊற்றிவிடுகிறோம். எண்ணெயோ தாளிப்போ எதுவும் தேவையில்லை. சில வாரங்களில் பச்சை நிறம் ஆலிவ் நிறமாக மாறிக் காரம் அடங்கும். மழை நாளில் தயிர்ச் சோற்றுக்கு இதற்கு மேல் ஒரு துணை இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மலைநெல்லிக்காயும் எலுமிச்சையும் இந்தப் பருவத்தில்தான் மலிவாக வருகின்றன. இவற்றின் ஊறுகாய் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஈர நாள்களில் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கல்லுப்பை வெறும் வாணலியில் படபடவென்று வெடிப்பது நிற்கும் வரை வறுத்து ஆறவைத்துச் சேர்க்க வேண்டும், ஏனெனில் கசிந்த உப்பை அளந்தால் அளவில் பாதி நீராகிவிடும். ஜாடியைக் கழுவிய பிறகு துடைத்தால் போதாது, அணைத்த அடுப்பின் மேல் கவிழ்த்துவைத்து உள்ளே கைவிட்டால் வறண்ட சூடு தெரிய வேண்டும். ஊறுகாயின் மேல் நல்லெண்ணெய் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். மூடிக்குக் கீழே வெள்ளைத் துணியால் வேடு கட்டினால் மூடியில் வியர்க்கும் நீர் உள்ளே சொட்டாது. இவற்றில் ஒன்றை விட்டாலும் கார்த்திகைக்குள் மேலே வெண்படலம் கட்டிவிடும்.

இனி ஆரஞ்சு. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுக்கு ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பெயர் இருந்தது. இலைகளைத் திட்டுத் திட்டாக மஞ்சளாக்கி மரத்தையே மெல்ல மெல்லக் கொல்லும் நோய்களால் அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்துபோய், இன்று காப்பிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மரங்கள் நிற்கின்றன. சாலையோரக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஆரஞ்சு அனைத்தும் இந்த மலையில் விளைந்தது என்று சுற்றுலாப் பயணிகள் எண்ணிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து ஏறிவருவதும் அதில் நிறைய உண்டு. மலைப் பழம் தோல் தொளதொளவென்று விலகி, மேலே சொரசொரப்பாக, விதை மிகுந்து, புளிப்பும் இனிப்பும் கலந்து இருக்கும். இந்தப் பழம் கிடைக்கும் வாரங்களில் அதை வீணாக்காமல் வாங்கிச் சேமிப்பது, அந்த மரங்களை இன்னும் வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய ஒரு கைம்மாறு என்றே நினைக்கிறேன்.

அதை நாங்கள் மார்மலேடாகக் காய்ச்சுகிறோம். கமலா ஆரஞ்சில் மட்டும் செய்தால் அது எளிதில் இறுகாது, வெறும் இனிப்பாகவும் இருக்கும். பழக்கூழை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருளும் புளிப்பும் அதில் போதிய அளவு இல்லை. இதற்கு அத்தை கண்ட வழி கடாரங்காய். ஒரு கிலோ ஆரஞ்சுக்கு ஒரு கடாரங்காயும் இரண்டு எலுமிச்சையும் சேர்த்தால், தடித்த தோலின் கசப்பும் சாற்றின் புளிப்பும் சேர்ந்து சுவை நிமிர்ந்துவிடுகிறது. தோலை மெல்லிய நாராக அரிந்து, உள்வெள்ளையையும் விதைகளையும் ஒரு மெல்லிய துணியில் முடிந்து, சாற்றோடும் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடும் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். விதைகளை வீசிவிடக் கூடாது, பெக்டின் மிகுதியாக இருப்பது அவற்றிலும் வெள்ளைப் பகுதியிலும்தான். மறுநாள் அந்த நீரிலேயே, சர்க்கரை சேர்க்காமல், தோல் நார் இரு விரல்களுக்கிடையில் நசுங்கும் வரை வேகவிட வேண்டும். சர்க்கரை சேர்ந்த பிறகு தோல் அதற்கு மேல் மிருதுவாகாது என்பதால் இந்த இடத்தில் பொறுமை தேவை. மலையில் இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பின்பு துணி முடிச்சை ஆறவிட்டு அழுத்திப் பிழிந்தால் வழவழவென்று ஒரு திரவம் வரும். அதுவே நமக்கு வேண்டிய பெக்டின்.

வெந்த கலவையை அளந்து, ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பை சர்க்கரை என்ற கணக்கில் சேர்த்து, சர்க்கரை முழுதும் கரைந்த பிறகு தீயை உயர்த்திக் கொதிக்கவிட வேண்டும். எந்தச் சமையல் நூலைத் திறந்தாலும் 104 அல்லது 105 டிகிரியில் இறக்குமாறு எழுதியிருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. சர்க்கரையின் அடர்த்தி ஏறத்தாழ 65 விழுக்காட்டை எட்டும்போது, கரைசல் அந்தந்த ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நான்கு அல்லது ஐந்து டிகிரி அதிகமான சூட்டில் கொதிக்கும்; இறக்குவதற்கான பதம் அதுவே. தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கும் ஏற்காட்டில் 99 அல்லது 100 டிகிரியிலேயே இறக்கிவிட வேண்டும். இங்கே 104 வரை காத்திருந்தால் நீர் மிகுதியாக வற்றி, கத்தியால் வெட்ட வேண்டிய கட்டியாகிவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிறு தட்டைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, அதில் ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்து விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் பதம் வந்துவிட்டது. தட்டுக்கு மலையும் சமவெளியும் ஒன்றே என்பதால் எனக்கு வெப்பமானியைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். கண்ணாடிக் குப்பிகளைக் கொதிநீரில் கிருமி நீக்கும்போதும் உயரத்தை மறக்கக் கூடாது: கீழே பத்து நிமிடம் போதுமென்றால் இங்கே பதினைந்து நிமிடமாவது வைக்க வேண்டும். இறக்கிய மார்மலேடை உடனே ஊற்றினால் தோல் அனைத்தும் மேலே மிதந்துவிடும். சற்று நேரம் ஆறவிட்டு, கிளறி, சூடு தணிவதற்குள் நிரப்பினால் குப்பி முழுவதும் சீராகப் பரவும்.

முன்கூட்டியே தொடங்குவதற்கு இரண்டாவது காரணம் காப்பி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து, ஏற்காட்டுக் குடும்பங்களின் நாட்காட்டியை அந்தச் செடியே எழுதிவருகிறது. அரபிகா பழங்கள் நவம்பரில் சிவக்கத் தொடங்கி ஜனவரி வரை தொடர்ந்து பழுக்கின்றன. ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருப்பதால் சிவந்தவற்றை மட்டும் தேர்ந்து, சுற்றுச் சுற்றாகக் கையால்தான் பறிக்க வேண்டும். பறித்த அன்றே தோலுரித்து, வழவழப்பு நீங்கப் புளிக்கவைத்து, கழுவி, நீர் வடித்து, கிடைக்கும் கொஞ்ச வெயிலில் பரப்பி, மேகம் கறுத்தால் ஓடிப்போய்ப் படுதாவால் மூடி, மழை விட்டதும் மறுபடி திறந்து என்று, கொட்டையின் ஈரப்பதம் 11 அல்லது 12 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை வீட்டில் ஒருவர் களத்தருகே இருந்துகொண்டே இருக்க வேண்டும். சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் மாதம் ஆண்டிலேயே அதிக வேலை மிகுந்த மாதம். என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் மாலை ஆறு மணிக்கு முன் வீட்டுக்குள் வரவே முடியாது. பழம் ஊறவைப்பதையும் தோல் அரிவதையும் அந்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் அவை நடக்கவே நடக்காது.

மூன்றாவது காரணம் கேக்குக்கான பழங்கள். திராட்சை, பேரீச்சம்பழம், சர்க்கரைப் பாகில் பதமான ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை நறுக்கி ரம்மில் ஊறவைப்பவர்கள் ஐப்பசியிலேயே ஜாடியை மூடிவிடலாம். மது அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும், நாளாக ஆக மணமும் கூடும். எங்கள் வீட்டில் அத்தையின் தலைமுறையிலிருந்தே இரண்டு ஜாடிகள் உண்டு: ஒன்று பெரியவர்களுக்கு, மற்றொன்று குழந்தைகளுக்கும் மதுவைத் தொடாதவர்களுக்கும். அடுப்பின் சூட்டில் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே கேக்கைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் ஒரு பகுதி கேக்கிலேயே தங்கிவிடுகிறது, ஆகவே அப்படிச் சொல்லாமல் கொடுப்பது முறையல்ல. இரண்டாவது ஜாடிக்குப் பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலும் வெல்லத்திலும் இட்டு, சாறு முழுதும் இழுபடும் வரை சிறுதீயில் சுருட்டி எடுக்கிறோம். வெறும் சாற்றில் ஊறவைத்தால் சில நாள்களிலேயே நுரைத்துப் புளித்துவிடும் என்பதால் இதைக் கேக் செய்வதற்குப் பத்து நாள் முன்னால் மட்டும் செய்து குளிர்பெட்டியில் வைக்கிறோம். ஆரஞ்சுத் தோலை மட்டும் மார்மலேடு காய்ச்சும் நாளிலேயே மும்முறை நீர் மாற்றி வேகவைத்து, கெட்டிப் பாகில் ஊறவைத்துவிட்டால் இரண்டு ஜாடிகளுக்கும் ஆகும். கடையில் விற்கும் சிவப்புப் பச்சை டூட்டி ஃப்ரூட்டியை நான் சேர்ப்பதில்லை. அதன் நிறத்தைக் குழந்தைகள் விரும்புகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இந்தத் தோலின் மணத்தோடு அது பொருந்தவே பொருந்தாது.

திருவருகைக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அந்த வாரத்துக்குள் மேலே சொன்னவை அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதே அத்தையின் கணக்கு. அதன் பிறகு வரும் நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் காலம். ஒவ்வொரு வாரமும் பச்சை இலை வளையத்தில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக எரியும். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. அந்த நாள்களில் சமையலறையில் வேலை நடந்தாலும் தின்பண்டத் தூக்குகள் திறக்கப்படுவதில்லை. பண்டிகைக்கு முன்பே பண்டிகையைத் தின்று தீர்த்துவிடுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

கேக்கை டிசம்பர் முதல் வாரத்தில் செய்கிறோம். சமவெளிக் கணக்கை அப்படியே பின்பற்றினால் கேக் விரைவாக எழும்பி நடுவில் அமிழ்ந்துவிடும். இங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து நிலைபெறுவதற்குள் குமிழிகள் உடைந்துவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று குறிப்பிட்டிருந்தால் முக்கால் தேக்கரண்டியே போடுகிறேன். ஈரமும் விரைவில் வற்றுவதால் இரண்டு மேசைக்கரண்டி சாறு கூடுதலாக ஊற்றுகிறேன். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது, அது ஆழ்ந்த காப்பி நிறத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் பாகு தெறித்துக் கை வெந்துவிடும். பழங்களை ஒரு பிடி மைதாவில் புரட்டிப் போட்டால் அவை அடியில் தங்குவது பெரிதும் குறையும். 150 டிகிரிச் சூட்டில் நிதானமாக வெந்து ஆறிய கேக்கை வெண்ணெய்த்தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கிறோம். பண்டிகைக்குள் பழங்களின் சாறும் மசாலா மணமும் கேக் முழுவதும் இறங்கியிருக்கும்.

நட்சத்திரமும் குடிலும் மாலை வேளைகளின் வேலை. மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, நூலால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டும் பழைய நட்சத்திரத்தையே இன்னும் செய்கிறோம். மைதாப் பசை இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் ஒட்டும்போது நான் அதை அனுமதிப்பதில்லை. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும். குடிலுக்காகப் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்த பாசியைப் பாளம் பாளமாக உரித்துக்கொண்டு போவதையும் இங்கே பார்க்கிறேன். அது மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும். இந்த மலையின் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் ஆர்க்கிட் போன்ற செடிகளுக்கு வேரூன்ற இடம் கொடுப்பதும் அதுதான். டிசம்பர் நடுவில் அகன்ற தட்டுகளில் மண்ணிட்டுக் கேழ்வரகு தெளித்து, ஈரத்துணியால் இரண்டு நாள் மூடிவைத்து, பிறகு திறந்துவிட்டால் பண்டிகைக்குள் குடிலைச் சுற்றி அடர்ந்த பச்சைப் புல்வெளியே கிடைத்துவிடும். என் மகளுக்குக் குடில் வேலையில் இதுவே மிகவும் பிடித்தது.

அச்சு முறுக்கு, கலகலா, சோமாஸ் ஆகியவை கடைசி வாரத்துப் பலகாரங்கள். அவற்றை முன்கூட்டிச் செய்தால் நமுத்துவிடும் என்பதால், இருபதாம் தேதிக்குப் பிறகு நாத்தனார் குடும்பம் வந்து சேர்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்து செய்கிறோம்.

அதே வாரத்தில் அரிசிப்பாளையத்துக்கு ஒரு பெட்டி இறங்கும். அதில் மார்மலேடு இரண்டு குப்பி, பச்சை மிளகு ஒன்று, கேக் ஒன்று, புதிதாக வறுத்த காப்பிக் கொட்டை கொஞ்சம். பெறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: மலைக் குளிரில் அலமாரியிலேயே நிற்கும் மார்மலேடைச் சேலத்துச் சூட்டில் திறந்த பிறகு குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பச்சை மிளகு குப்பியில் சாறு குறைந்து சரங்கள் மேலே தெரிந்தால் உடனே எலுமிச்சைச் சாறு பிழிந்து மூழ்கச் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் கேக்கின் செய்முறையைக் கேட்கும் என் அண்ணி கீழே செய்யும்போது பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டிக்கே திருப்பிக்கொள்ளட்டும், மார்மலேடை 104 டிகிரி வரை கொதிக்கவிடட்டும். கடாரங்காய் சேலத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் நார்த்தங்காய் போட்டும் செய்யலாம், கசப்பு மட்டும் சற்று மாறுபடும்.